நான் செய்த திருட்டுத் திருத்தம்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பொங்கலுக்கு முந்தைய வாரம், ஒரு சனிக்கிழமை, தி. நகரில் எங்கள் கடையில். நேரம்கூட நினைவிருக்கிறது. மாலை ஐந்து மணி ஆகிப் பத்து நிமிடம்.

எங்களுடையது மேட்சிங் சென்டர். நீங்கள் புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுப்போம். பெரிய கடை ஒன்றும் இல்லை. ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், எட்டுப் படி இறங்கி வரவேண்டும். என் கணவர் சரக்கு எடுக்க ஈரோடு, சூரத் என்று அலைவார். கடை என் பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். இருபத்திரண்டு வருடமாக இந்த எட்டுப் படிதான் என் உலகம்.

தற்பெருமை என்று நினைக்காதீர்கள். புடவையைப் பிரித்துப் போட்ட மாத்திரத்தில் அதற்கு எந்தத் துணி சேரும் என்று என் கை தானாகப் போய் எடுக்கும். வந்தவர் வேறு நிறம் கேட்டால்கூட, "அது வேண்டாம்மா, இதைப் பாருங்க" என்று நான் எடுத்ததைத்தான் தலையில் கட்டுவேன். பத்தில் ஒன்பது பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது நன்றி சொல்வார்கள். அவரவருக்கு என்ன வேண்டும் என்பது அவரவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் அப்படியே ஊறிவிட்டது. துணி விஷயத்தில் அது சரி. அதை நான் வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை.

என் மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தாள். ராணுவ அதிகாரி ஆகவேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலேயே அவள் எடுத்த முடிவு. பிளஸ் டூ படிக்கும் பெண்களும் ராணுவ அதிகாரிகளுக்கான நுழைவுத் தேர்வை எழுதலாம் என்று அறிவிப்பு வந்ததும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். என் கணவர், "அவ இஷ்டம், போகட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பெண் அப்படிக் கேட்பதே எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றில் உனக்கு எது முதல், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். கடைசியில் இடம் ஒதுக்கும்போது அந்த வரிசையைத்தான் பார்ப்பார்கள். என் மகள் யோசிக்காமல் சொல்வாள், "ஆர்மி ஃபர்ஸ்ட்." எனக்கு அந்தச் சொல்லே ஆகாது.

காரணம் இருக்கிறது. ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். தரைப்படையில் சேர்ந்தான். எனக்குக் கல்யாணமான வருடம், கொடி போர்த்திய பெட்டியில் திரும்பி வந்தான். அவன் அம்மா அழவே இல்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, திறக்கச் சொல்லி, ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். திறக்கக்கூடாது என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கடற்படை என்றால் எனக்குப் பயமில்லை. நான் கடலோரத்தில் வளர்ந்தவள். வெள்ளை உடுப்பு, கப்பல், துறைமுகம், விசாகப்பட்டினத்தில் போட்டால் ரயிலேறினால் மறுநாள் காலையில் பிள்ளையைப் பார்த்துவிடலாம். இப்படி நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கப்பலில் ஆபத்து இல்லையா என்று கேட்காதீர்கள். பயந்தவளிடம் நியாயம் கேட்டுப் பயனில்லை.

"ஏட்டி, அப்படி என்னதாம்ட்டி இருக்கு அந்த ஆர்மில?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

"பிடிச்சிருக்கும்மா" என்பாள்.

"ஏன் பிடிச்சிருக்குன்னுதான கேக்கேன்?"

"சொன்னா உனக்குக் கோவம் வரும். விடேன்" என்று எழுந்து போய்விடுவாள். எனக்கு ஏன் கோபம் வரப்போகிறது என்று எரிச்சலாக இருக்கும். காரணம் ஒன்றும் இருக்காது, எங்கேயோ விளம்பரத்தைப் பார்த்து மயங்கிவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று கடையின் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் நிரப்பினாள். எங்கள் வீட்டில் எல்லா விண்ணப்பமும் என் செல்போன் நம்பரில்தான். புகைப்படம் ஏறுவதற்கு நேரமெடுத்தது. அவளுக்கோ ஸ்பெஷல் கிளாஸுக்கு நேரமாகிவிட்டது. "அம்மா, போட்டோ ஏறினதும் கீழ சப்மிட்னு இருக்கும். அதை மட்டும் அமுக்கிடு, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

போட்டோ ஏறியது. நான் திரையைப் பார்த்தேன். ஒன்று ஆர்மி, இரண்டு நேவி, மூன்று ஏர்ஃபோர்ஸ். பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அதைத் தொட்டால் மாற்றலாம். கடையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் நேவியை முதலில் போட்டேன், ஏர்ஃபோர்ஸை இரண்டாவதாகப் போட்டேன், ஆர்மியைக் கடைசிக்குத் தள்ளினேன். அமுக்கிவிட்டேன். பிடிவாதமாக அரக்கு நிறம் கேட்கும் வாடிக்கையாளருக்கு மெரூன் எடுத்துக் கொடுப்பதுபோலத்தான் இருந்தது. நன்மைக்குத்தானே செய்கிறோம் என்ற திமிர்.

சாயந்திரம் வந்து கேட்டாள். "அனுப்பியாச்சு" என்றேன். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அந்த முத்தத்தையும் வாங்கிக்கொண்டேன்.

சில நாள் கழித்து வந்தது அந்தச் சனிக்கிழமை. மதியம் காபி குடிக்கத் தெருவுக்கு ஏறி வந்தபோது செல்போனில் ஒரு குறுஞ்செய்தி. விண்ணப்பத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள இன்று மாலை ஆறு மணி வரை வாய்ப்பு, அதன்பிறகு எந்த மாற்றமும் ஏற்கப்படாது. படித்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் கவலையில்லை என்று செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தெருவில் பொங்கல் கூட்டம் நெரிந்தது. மகளுக்கு அன்று பள்ளி இல்லை. துணி வெட்டிக் கொடுக்க வந்திருந்தாள். எங்கள் கடையில் ஒரு அக்கா இருக்கிறார். நான் கடைக்கு வந்த நாளிலிருந்து இருக்கிறார், என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னைத்தான் அக்கா என்பார். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடிவைத்த பிறகும், இரண்டு பஸ் மாறிக் காலை ஒன்பதரைக்கு டாண் என்று வந்து நிற்பார்.

நாலரை மணிவாக்கில் மயிலாப்பூர் மாமி ஒருவர் படியிறங்கி வந்தார். ரொம்ப வருடப் பழக்கம். தை மாதம் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். ஏழு பட்டுப்புடவைகளோடு வந்து மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் துணி எடுத்துப்போட, பேச்சு எங்கெங்கோ போய் என் மகள் பக்கம் திரும்பியது.

"ஏன்டிம்மா, நெஜமாவே மிலிட்டரிக்குப் போறியாமே? எங்காத்துக்காரர் இருபது வருஷம் ஏர்ஃபோர்ஸ்ல இருந்தார். போனா அதுல போ. டீக்கா டிரெஸ் பண்ணிண்டு, கேம்பஸெல்லாம் கண்ணாடி மாதிரி வெச்சிண்டு இருப்பா."

"இல்ல மாமி, ஆர்மி."

"ஆர்மியா? வெயில்லயும் சேத்துலயும் கெடந்து அல்லாடவா? சரி, ஏர்ஃபோர்ஸ் வேண்டாம், நேவி இருக்கே?"

எனக்குக் காது நிமிர்ந்துகொண்டது. மாமி என் கட்சி என்று சந்தோஷப்பட்டேன். நான் அலமாரிப் பக்கம் திரும்பி, அடுக்கிக்கொண்டிருப்பதுபோல் நின்றேன்.

என் மகள் கத்தரியை நிறுத்தாமலே சொன்னாள். "ஏர்ஃபோர்ஸ்னா ப்ளேன் மாமி. நேவின்னா கப்பல். ஆர்மின்னா கால்."

"காலா?"

"ஆமா மாமி. போன வருஷம் என்.சி.சி. கேம்ப்ல எங்களைப் பன்னெண்டு கிலோமீட்டர் நடக்க வெச்சாங்க. திரும்பி வந்ததும் எல்லாரையும் வரிசையா உக்காந்து ஷூவைக் கழட்டச் சொன்னாங்க. ஒரு லேடி ஆஃபீசர் வந்தாங்க. தரையில உக்காந்து ஒவ்வொருத்தி பாதத்தையும் தூக்கி, விரல் நடுவுலகூட விரிச்சுப் பார்த்தாங்க. எங்க எல்லார் காலும் நாத்தம்னா நாத்தம்! ஐயோ மேடம், வேணாம்னு நாங்க காலை இழுத்துக்கறோம். அவங்க விடல. கொப்புளம் இருந்தா மருந்து வெச்சாங்க. இது தினமும் ஆஃபீசர் செய்யற வேலைன்னு சொன்னாங்க. ஜவான்களோட காலைப் பார்க்காத ஆஃபீசருக்கு அவங்களை நடன்னு சொல்ற உரிமை கிடையாதுன்னாங்க."

மாமி புடவையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க கடையில அக்கா காலைப் பார்த்திருக்கீங்களா மாமி?"

"ஐய, இன்னா பாப்பா நீ, என் காலப் போய்!" என்று அக்கா புடவையை இழுத்துப் பாதத்தை மறைத்துக்கொண்டார்.

"நான் ஆறாவது படிக்கறப்பேர்ந்து பாக்கறேன். தீபாவளி சீசன்ல சாயந்திரமானா கால் வீங்கி, செருப்புக்குள்ள நுழையாது. செருப்பைக் கையில எடுத்துகிட்டுப் பஸ் ஏறுவாங்க. காலைல மறுபடி வந்து நிப்பாங்க. நின்னுகிட்டே இருக்கறவங்களோட காலை யாராவது பாக்கணும்னு எனக்கு அப்பவே தோணும். அது ஒரு வேலைன்னு தெரியாது. அதை ஒரு அதிகாரி செய்வாங்கன்னு கேம்ப்லதான் பார்த்தேன். எனக்கு அந்த வேலைதான் மாமி வேணும்."

நான் அலமாரிக்கு முகத்தைக் கொடுத்தபடியே நின்றேன். ஏன் கோபம் வரும் என்று சொன்னாள் என்பது இப்போது புரிந்தது. அவள் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அது என் கடை. நின்றவர்கள் என் ஆட்கள்.

ஸ்டூல் கதையையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போடவேண்டும் என்று சட்டம் வந்தபோது நானும் ஐந்து ஸ்டூல் வாங்கிப் போட்டேன். வாங்கின ஒரு வாரத்தில் ஐந்தின் மேலும் துணிக்கட்டு ஏறிவிட்டது. என் மகள் இறக்கி வைப்பாள். நான் ஏற்றி வைப்பேன். "கடைல இடமா இருக்கு?" என்று கத்துவேன். யாராவது சோதனைக்கு வந்தால் காட்ட ஸ்டூல் இருந்தது, உட்காரத்தான் ஸ்டூல் இல்லை. அன்று அலமாரிப் பக்கம் நின்றபோது என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது அந்த ஐந்தில் ஒன்றுதான். அதன்மேல் இடுப்பளவுக்கு உள்பாவாடை.

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "அடி சமத்தே! இப்படியொரு காரணம் நான் கேட்டதே இல்லடி. எங்காத்துக்காரர்ட்ட போய்ச் சொல்றேன், வாயடைச்சுப் போயிடுவார். சரி, ஃபாரம்ல ஆர்மிதானே மொதல்ல போட்டிருக்கே?"

"போட்டாச்சு மாமி. அம்மாதான் சப்மிட் பண்ணாங்க" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதில் ஒரு பெருமை. எதிர்த்துக்கொண்டிருந்த அம்மாவே கடைசியில் தன் கையால் அனுப்பி வைத்தாளே என்ற பெருமை.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பத்து.

இன்னும் ஐம்பது நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டு துணி அடுக்கினால் போதும். என் பிள்ளை தரைப்படைக்குப் போகமாட்டாள். எனக்குப் பெட்டி வராது. இதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"ஏட்டி" என்றேன். "நான் மாத்திட்டேன்."

"எதைம்மா?"

"ஃபாரத்த. நீ போட்டத மாத்தி, நேவிய மொதல்ல போட்டுட்டேன். ஆர்மி கடைசில இருக்கு."

வேலைக்கு இருந்த மற்றவர்கள் டீ குடிக்க மேலே போயிருந்த நேரம். கடையில் மாமி, அக்கா, உள்பாவாடை வாங்க வந்த இரண்டு பெண்கள். என் மகள் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தரியை மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

"நீ பயந்தா பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமேம்மா. ஏம்மா திருடுன?"

பளாரென்று அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. "ஆறு மணி வரைக்கும் திருத்தலாமாம். மெசேஜ் வந்துது" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் பக்கம் பாய்ந்தாள்.

அங்கேதான் அடுத்த சிக்கல். உள்ளே நுழைய என் செல்போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் போடவேண்டும். எங்கள் கடை அடித்தளம். கம்ப்யூட்டருக்குக் கேபிளில் இன்டர்நெட் வரும், செல்போன் சிக்னல் என்பது எட்டுப் படிக்கு மேலேதான். நான் செல்போனோடு தெருவுக்கு ஓடினேன். பொங்கல் கூட்டம் என்னை அப்படியே அடுத்த கடை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டது. எண் வந்தது. முட்டி மோதித் திரும்பி, படியிறங்கிச் சொல்வதற்குள் காலாவதி ஆகிவிட்டது. மறுபடி கேட்டு, மறுபடி ஓடி, மறுபடியும் அதே கதை. மணி ஐந்து முப்பத்தைந்து.

அக்கா என் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கினார். "நீ இரு அக்கா, உன்னால ஆவாது. எனுக்கு இந்தக் கூட்டத்துல பூந்து வரத் தெரியும்" என்று படியேறினார். "நைனா, கொஞ்சம் வழி உடு! அவசரமா ஒரு போன் வந்துகினு கீது!" என்று அவர் கத்தியது கீழேவரைக்கும் கேட்டது. எண் வந்ததும், பாப்பா என்று கூவிக்கொண்டே எட்டுப் படியையும் நான்கே தாவலில் இறங்கி வந்தார், அந்தக் காலை வைத்துக்கொண்டு. ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்ல என் மகள் அடித்தாள். உள்ளே நுழைந்தாயிற்று.

மாமி சும்மா இருக்கவில்லை. "நீங்க அதைப் பாருங்கோ, கடையை நான் பாத்துக்கறேன்" என்று மேசைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். கிளிப்பச்சைப் புடவைக்கு அடர்பச்சை உள்பாவாடையை வெகு அழகாக ஒரு பெண்ணின் தலையில் கட்டியதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். தடுக்கவில்லை.

வலைத்தளமோ நத்தை. நாடு முழுக்கக் கடைசி நேரத்தில் திருத்துகிறவர்கள் அத்தனை பேரும் அதில் தொங்கிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. பக்கம் வரும், பாதியில் நிற்கும். என் மகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையை மாற்றி வைத்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் முருகா முருகா என்று முணுமுணுத்தேன். யோசித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் முன்னால்வரை எது நடக்கக்கூடாது என்று நினைத்தேனோ அது நடக்கவேண்டும் என்று அதே நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் திருத்தம் ஏற்கப்பட்டது என்று வந்தது. அக்கா கைதட்டினார். மாமி என் மகளைக் கட்டிக்கொண்டார். என்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்காததும் நல்லதுதான்.

அதன்பிறகு ஒன்பது நாள் என் மகள் என்னோடு பேசவில்லை. பொங்கல் வந்தது, பானை பொங்கியது, "பொங்கலோ பொங்கல்" என்று அவள் அப்பாவோடு சேர்ந்துதான் சொன்னாள். நான் பரிமாறினால் சாப்பிடுவாள். கேட்டால், "ம்." பத்தாம் நாள் நான்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் கதையைச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொன்னதே இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நானும் உன்கூட பயந்திருப்பேன்ல. நீ தனியா பயந்திருக்க வேணாம்ல" என்றாள். நான் அழுதுவிட்டேன். பயம் போயிற்றா என்றால் போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் இப்போது இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து கடையைத் திறந்த அன்றே ஐந்து ஸ்டூலையும் காலி செய்தேன். துணிக்கட்டுக்கு மேலே ஒரு பரண் அடித்தோம். இதை நான் வருடக்கணக்கில் செய்யாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் இல்லை, பார்க்கவில்லை, அவ்வளவுதான். அக்காவை உட்காரச் சொன்னால், "உக்காந்தா தூக்கம் வர்தே, இன்னா பண்றது" என்று என்னையே கிண்டல் செய்தார்.

என் மகள் எழுத்துத் தேர்வில் தேறினாள். ஆனால் நேர்முகத்தில் தேறவில்லை. ஐந்து நாள் நடக்கும் அந்த நேர்முகத்துக்கு அங்கேயே தங்கி இருந்துவிட்டு, கடைசி நாள் படித்த பட்டியலில் தன் எண் இல்லாமல் திரும்பி வந்தாள். கடற்படைக்குக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்று நான் மறந்தும் வாயைத் திறக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்தாள். மறுபடி விண்ணப்பித்தாள், தன் சொந்த நம்பரில். மறுபடி எழுதினாள், மறுபடி போனாள். இந்த முறை ஐந்தாம் நாள் மத்தியானம் போன் வந்தது. "அம்மா, கிடைச்சிடுச்சு" என்றாள். நான் படியேறித் தெருவில் நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்க ஓவென்று அழுதேன். அக்கா பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் போய், "எங்க பாப்பா ஆபீசர் ஆய்ட்ச்சு!" என்று சொல்லிவிட்டு வந்தார். மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல் எல்லாம் தாண்டி, அவள் கேட்ட தரைப்படையே கிடைத்தது. இப்போது பயிற்சியில் இரண்டாம் வருடம்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், போகிறபோக்கில் ஒன்று சொன்னாள். நேர்முகத்தில் இரண்டு முறையும் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் யாராவது எதிர்த்தார்களா?

முதல் முறை, "யாரும் எதிர்க்கல சார்" என்று சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையாம்.

"ரெண்டாவது தடவை உள்ளதைச் சொல்லிட்டேம்மா. எங்கம்மா ஃபாரத்தையே மாத்திட்டாங்கன்னு சொன்னேன்."

கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டேன். "அடிப்பாவி! அந்த ஆஃபீசர் என்னைய என்ன நெனச்சிருப்பாரு?"

"முழுசா கேளேன். அவர் என்னைக் கேட்டாரு, உன் அம்மா மேல உனக்குக் கோவம் இல்லையான்னு. இருந்துது சார்னேன். ஆனா சார், அவங்க ஜெயிக்கறதுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் சும்மா இருந்தா போதும், நாலு பேர் முன்னாடி தானா வாயைத் திறந்து தோத்தாங்க, அவங்களைவிடத் தைரியமான ஆளை நான் இன்னும் பார்க்கலைன்னு சொன்னேன்." மோரை ஊற்றிக்கொண்டே, "அவர் பேப்பர்ல ஏதோ எழுதிக்கிட்டாரு. அப்புறம் அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

என் மகள் ராணுவத்தில் இருக்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் ஒருவர் விடாமல் பெருமையடித்துக்கொள்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஓர் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து அவள் என்னைப் பற்றிப் பெருமையடித்தாள் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையிடமிருந்து எதை ஒளித்தாவது அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்த எனக்கு, அவளிடம் நான் ஒளிக்காமல் சொன்ன ஒன்றுதான் இந்தப் பிறவியில் நான் வாங்கிய பதக்கம்.